மடுல்சீமையில் என் மகள் சொன்ன திருத்தம்

1

விடுமுறை எப்படி இருந்தது என்று இங்கே யாராவது கேட்டால் ‘லவ்லி’ என்று சொல்ல வேண்டும். வெயில் எப்படி என்று அடுத்த கேள்வி வரும். அதற்கும் அதே பதில்தான். லீட்ஸ் நகருக்கு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. இந்த இரண்டு பதில்களிலும் நான் தடுமாறியதில்லை.

இம்முறை ஊரிலிருந்து திரும்பி வேலைக்குப் போன முதல் நாள், பக்கத்து மேசை மோரின் வழக்கம்போலக் கேட்டாள். நாங்கள் வேலை செய்வது ஒரு பேருந்து நிறுவனத்தின் தொலைந்த பொருட்கள் பிரிவில். அவள் குடைகளுக்குச் சீட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள், நான் ஒற்றைக் கையுறைகளைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தேன். பதில் வராததைக் கண்டு நிமிர்ந்து பார்த்தவள், குரலைத் தாழ்த்தி, வீட்டில் யாராவது தவறிவிட்டார்களா என்று கேட்டாள்.

இல்லை. யாரும் சாகவில்லை, யாரும் நோயில் விழவுமில்லை. கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்த காலத்தில், ‘அதிர்ச்சி’ என்ற சொல்லைத் தலைப்பில் கண்டால் அடித்துவிடுவேன். அதிர்வதா வேண்டாமா என்பதை வாசகர் முடிவு செய்துகொள்ளட்டும் என்பேன். ஆனால் இந்தப் பயணத்தில் நடந்ததற்கு வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

2

மகள் நிவேதா பதுளை ஆஸ்பத்திரியில் பிறந்தவள். நான்கு வயதில் எங்களோடு இங்கே வந்தாள். இப்போது வேறொரு நகரத்தில், ஒரு பல்கலைக்கழகத்தின் வானியல் ஆய்வுக் குழுவில் இருக்கிறாள். ஞாயிறு மாலை தொலைபேசியில் பேசுவாள். என்ன சாப்பிட்டாய், மழையா, அம்மாவின் முழங்கால் எப்படி என்பவற்றோடு பேச்சு தீர்ந்துவிடும். பிறகு இருவரும் சற்று நேரம் மற்றவர் முடிக்கட்டும் என்று காத்திருப்போம். அவளுடைய நாளின் பெரும்பகுதி எந்த வேலையில் கழிகிறதோ, அதற்குள் நுழைய எனக்கு வழி தெரியவில்லை. ஒரு நாள் பழைய தொழில் கைகொடுத்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல், செய்திக்காகக் கேட்கிறேன் என்றேன். அன்றுதான் முதன்முறையாக ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினாள்.

நான் விளங்கிக்கொண்டது இது. பிரபஞ்சம் மிக இளமையாக இருந்தபோது புறப்பட்ட ஒளி, இன்று குளிர்ந்து நுண்ணலைகளாக எல்லாத் திசைகளிலிருந்தும் வந்துகொண்டிருக்கிறது. விண்கலங்களும் தரையிலுள்ள தொலைநோக்கிகளும் அதை அளந்து முழு வானத்துக்கும் வரைபடம் போட்டிருக்கின்றன. அந்தப் பழைய ஒளியை ஆராய்கிறவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. தொலைவிலுள்ள சில பால்வெளிகள், அதாவது விண்மீன் கூட்டங்கள், ரேடியோ அலைகளை வீசுகின்றன. அவை படத்தில் எண்ணெய்ப் பொட்டுகள் மாதிரி விழுகின்றன. அவர்கள் அவற்றை அழித்துவிட்டு மற்றதைப் படிப்பார்கள்.

நிவேதாவுக்கு வேண்டியது அந்தப் பொட்டுகள்தான். அதிலும், கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கலானவை. தனியாக ஒன்றைப் பார்த்தால், படத்தில் தாறுமாறாகச் சிதறிய புள்ளிகளுக்குள், அவர்கள் இரைச்சல் என்று சொல்வதற்குள், மறைந்திருக்கும். ஆகவே, பால்வெளி இருப்பதாக வேறு ஆய்வுகளில் தெரிந்த ஆயிரக்கணக்கான இடங்களில் படத்தைச் சிறு சதுரங்களாக வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, சராசரி எடுப்பாள். இரைச்சல் ஒன்றையொன்று தின்றுவிடும். எல்லாச் சதுரங்களின் நடுவிலும் பொதுவாக இருக்கும் அந்தச் சிறு வெளிச்சம் மட்டும் எஞ்சும்.

அவளுக்கு எஞ்சவில்லை. ஒரு வகைப் பால்வெளிகள் மட்டும் நுண்ணலையில் எதிர்பார்த்த வெளிச்சம் இல்லாமல், ஏறத்தாழ இருட்டாக இருந்தன. அவற்றின் நடுவிலிருந்து அலைகளை வீசும் எந்திரமான கருந்துளை அணைந்துகொண்டிருக்கலாம் என்று கட்டுரை எழுதினாள். அது ஓர் ஆய்விதழில் வெளியானது. அதை வைத்து நெதர்லாந்தில் ஐந்தாண்டு வேலையொன்றுக்கு நேர்முகத் தேர்வுக்கு அழைத்தார்கள். அவளுடைய இப்போதைய ஒப்பந்தம் இந்தக் கோடையோடு முடிகிறது. எனவே அந்தக் கட்டுரைதான் அவளுடைய அடுத்த வாடகை, அடுத்த வீசா, அடுத்த ஊர் எல்லாம்.

3

கட்டுரை வந்த செய்தியை நான் அக்காவிடம் சொன்னேன். அக்கா பாக்கியம் பதுளை மலைப்பகுதியில், மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவள். அவள் கணவர் சிவலிங்கம் மச்சான் அங்குள்ள பாடசாலையில் உப அதிபர். நானும் நிவேதாவும் ஊருக்கு வருகிறோம் என்றதும் மச்சான் பாராட்டு விழா என்று முடிவு செய்துவிட்டார்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி நிவேதாவின் பிரித்தானியக் கடவுச்சீட்டைப் புரட்டி, பிறந்த இடம் பதுளை என்றிருக்க எதற்கு வீசா என்று சிங்களத்தில் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் விளக்கினேன். அவர் மறுபடி கடவுச்சீட்டைப் பார்த்து, பதுளைதானே என்றார். பிறகு வேறொருவரை அழைத்துக் காட்டினார். இருவருமாகச் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார்கள். வெளியே வந்ததும், அவர்கள் எதற்குச் சிரித்தார்கள் என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.

பெரகலச் சந்தியில் தேநீருக்கு வேனை நிறுத்தியபோதே மச்சானின் முதல் அழைப்பு வந்துவிட்டது. பேனர் அடித்தாகிவிட்டது, படத்தில் பாப்பா கொஞ்சம் கறுத்துப்போயிருக்கிறாள், பரவாயில்லையா என்று கேட்டார். மடுல்சீமைக்குப் போய்ச் சேர்ந்தபோது பேனர் சந்தியில் தொங்கிக்கொண்டிருந்தது. ‘விண்ணை வென்ற மலையகத்தின் மகள்’. பின்னணியில் ஒரு ரொக்கெட்.

“நான் ரொக்கெட் விடலையே அப்பா,” என்றாள் நிவேதா.

“விடலைனு யாருக்கும்மா தெரியும்,” என்றார் வேன்காரர்.

அக்காவிடம் தன் வேலையை விளக்க அவள் மிகவும் முயன்றாள். இரைச்சல் என்ற சொல் கிடைக்காமல் சத்தம் என்றாள். வானத்தில் எப்படிப்பட்ட சத்தம் கேட்கிறது என்று அக்கா விசாரித்தாள். இடி மாதிரியா, இல்லை பெக்டரி மெஷின் மாதிரியா என்று கேட்டுவிட்டு, காது பத்திரம் என்று முடித்துக்கொண்டாள்.

4

விழாவில் காட்டுவதற்குப் படங்கள் தேவைப்பட்டன. அவை பல்கலைக்கழகக் கணினியில் இருந்தன. அதற்குள் நுழையக் கைத்தொலைபேசிக்கு ஓர் இலக்கம் வரும். அந்த இலக்கம் இங்கிலாந்து சிம்முக்குத்தான் போகும். மடுல்சீமையில் அந்த சிம்முக்கு உயிர் இல்லை. பல்கலைக்கழக உதவிப் பிரிவை அழைத்தால், அடையாள அட்டையோடு நேரில் வந்தால் ஐந்து நிமிடத்தில் சரிசெய்யலாம் என்றார்கள். தான் இலங்கையில் ஒரு மலையில் இருப்பதாக அவள் சொன்னாள். அலுவலகம் ஐந்து மணிவரை திறந்திருக்கும் என்றார்கள்.

எனவே விழாவுக்கு முதல் நாள் பசறை வழியாகப் பஸ்ஸில் பதுளைக்குப் போனோம். கடைத்தெருவில் என் பள்ளித் தோழனுக்குப் புடைவைக் கடை இருக்கிறது. மேல்மாடியில் நல்ல இணைய இணைப்பும் உண்டு. அங்கே நிவேதா ஒரு யோசனை சொன்னாள். கட்டுரைக்குத் தான் பயன்படுத்திய, குழுவின் கணினியிலுள்ள வரைபடம் வேண்டாம், அது எதிலிருந்து செய்யப்பட்டதோ அந்த மூல வரைபடம் எல்லோருக்கும் பொதுவாக இணையத்தில் இருக்கிறது, அதை இறக்கி, தன் மடிக்கணினியிலுள்ள அதே கணினி நிரலை ஓட்டி, புதிதாகப் படம் எடுத்துக்கொள்ளலாம் என்றாள். இறங்க அரை நாள் ஆனது. சாப்பிட்டுவிட்டு வந்தோம். நான் சேலைக் கட்டுகளுக்கு நடுவே பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தேன்.

விசைப்பலகைச் சத்தம் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி ஓட்டினாள். மறுபடியும்.

“அப்பா, பொட்டு இருக்கு.”

“எந்தப் பொட்டு?”

“இருக்கக்கூடாத பொட்டு.”

இருட்டு என்று அவள் எழுதிய பால்வெளிகளின் நடுவில், மூல வரைபடத்தில், வெளிச்சம் இருந்தது. எல்லோரும் எதிர்பார்த்த அளவு, சாதாரண வெளிச்சம். மற்றவற்றைவிடக் கூடவுமில்லை, குறையவுமில்லை.

அவள் குழுவிலுள்ள ஒரு தோழிக்குச் செய்தி அனுப்பினாள். தோழி, குழுவின் வரைபடத்தைச் சில ஆண்டுகளுக்கு முன் தயாரித்துவிட்டு இப்போது ஒரு வங்கியில் வேலை பார்க்கும் பழைய மாணவரைத் தேடிப் பிடித்துக் கேட்டாள். அவருக்கு நன்றாக நினைவிருந்தது. அது பழைய ஒளியை ஆராய்கிறவர்களுக்காகச் செய்தது. தொல்லை தரக்கூடிய ரேடியோ பால்வெளிகள் இருக்கும் இடங்களை, மங்கலான சிலவற்றையும் சேர்த்து, வெட்டி எடுத்துவிட்டார். வெட்டிய ஓட்டைகள் கணக்கைக் கெடுக்கும் என்பதால், சுற்றியுள்ள வானத்தின் சாயலைப் பார்த்து, அதே மாதிரி ஒன்றைக் கணினியால் உருவாக்கி நிரப்பினார். நேர்த்தியான வேலை. கண்ணால் பார்த்தால் ஒட்டுத் தெரியாது. அவர் போன பிறகு, அது நிரப்பிய படம் என்பதைச் சொல்ல யாரும் மிஞ்சவில்லை. குழுவில் எல்லோருக்கும் அது ‘சுத்தமான படம்’. அவ்வளவுதான்.

அழித்த இடங்களிலேயே போய்ப் பார்த்துவிட்டு, அங்கே ஒன்றுமில்லை என்று அவள் எழுதியிருந்தாள்.

“நான் பாத்தது வானம் இல்லப்பா. வானம் மாதிரி செஞ்சு வெச்சது,” என்றாள். எழுந்து போய் மாடிப்படியில் உட்கார்ந்தாள். கீழே யாரோ கல்யாணச் சேலைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

தணிக்கைக் காலத்தில் எங்கள் பத்திரிகையில் ஒரு சச்சரவு நடக்கும். அதிகாரி வெட்டிய செய்தியின் இடத்தை வெள்ளையாக விடுவதா, விளம்பரத்தால் நிரப்புவதா? வெள்ளையாக விடு என்பது ஆசிரியர் பீடத்தின் வாதம். வெள்ளையைப் பார்த்தால் ஏதோ எடுக்கப்பட்டிருக்கிறது என்றாவது வாசகருக்குத் தெரியும். நிரப்பிவிட்டால் எடுக்கப்பட்டதும் தெரியாது. அந்தச் சச்சரவை நான் அரசியல் என்று நினைத்திருந்தேன். வானத்துக்கும் பொருந்தும் என்று அன்றுதான் தெரிந்தது.

5

பஸ்ஸில் திரும்பும்போது தன் குழுத் தலைவரான பேராசிரியரிடம் தொலைபேசியில் பேசினாள். அவர் அமைதியாகக் கேட்டுவிட்டு, நீ திரும்பி வந்ததும் உட்கார்ந்து சரிபார்ப்போம், அதுவரை எங்கேயும் எதுவும் சொல்லாதே என்றார். நேர்முகம் பற்றியும் நினைவூட்டினார். வளைவுகளில் இணைப்பு அறுந்து அறுந்து வந்தது. அறுந்த ஒவ்வொரு முறையும் அவர் விட்ட இடத்திலிருந்து அல்ல, முதலிலிருந்து ஆரம்பித்தார்.

வீட்டில் மச்சான் நாற்காலிக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக்கு மேடையில் உண்மையைச் சொல்லப்போவதாக நிவேதா சொன்னாள். அவருக்குப் புரியவைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் பேனாவைக் கீழே வைத்தார்.

“வேணாம்மா. நீ அங்க போயி என்னா வேணா எழுது. இங்க சொல்லாத. பதினோராம் வகுப்புல சாதாரண தரப் பரீட்ச முடிச்சா கொழும்புல கடைக்கோ கார்மெண்டுக்கோ அனுப்புறதுதான் இங்க பழக்கம். உன்னோட பேனரப் பாத்துட்டு நாலு புள்ளைங்க சயன்ஸ் படிக்கிறேன்னு வீட்டுல சண்ட போட்டிருக்கு. அப்பன் ஆத்தா இப்பதான் எறங்கி வந்திருக்காங்க. நீ மேடையில ஏறி நான் பிழையா பாத்துட்டேன்னு சொன்னா, படிச்சவளே இப்பிடித்தானான்னு கூட்டிக்கிட்டு போயிருவாங்க.”

“பொய்ய நம்பி அவங்க சயன்ஸ் படிக்கணுமா மாமா?”

மச்சான் என்னைப் பார்த்தார். நீ சொல்லு மாப்புள என்றார். மச்சான் சொன்னதில் உண்மை இருந்தது. மகள் சொன்னதிலும் இருந்தது. மேடை அவளுடையது என்று மட்டும் சொன்னேன். அவர் மறுபடி நாற்காலிகளுக்குத் திரும்பிவிட்டார்.

அடுப்படியில் நிவேதா அழுதாள். அக்கா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தவள், கையைக் கழுவாமலேயே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அப்ப அந்த பொட்டெல்லாம் அங்கயேதான் இருக்கா?”

“ஆமா அத்தை. அங்கயேதான் இருக்கு. நாந்தான் பாக்கல.”

“போயிருச்சுன்னு நெனச்சது இருக்குங்கற. அதுக்கு யாராச்சும் அழுவாங்களா புள்ள?”

நிவேதா அழுதுகொண்டே சிரித்தாள். ஆனால் அவள் இரவு சாப்பிடவில்லை.

6

விழா பாடசாலை மண்டபத்தில். மாணவர்கள் தப்பு மேளம் அடித்து வரவேற்றார்கள். மாலை, பொன்னாடை, குத்துவிளக்கு. அறிவிப்பாளர் மச்சானே. முதலில் பேசிய உள்ளூர்ப் பிரமுகர், இந்த மேடையில் நிற்கத் தனக்கு எந்தத் தகுதியும் இல்லை என்று தொடங்கினார். கைதட்டல். அடுத்து அதிபர், இவ்வளவு பெரிய சபையில் தான் ஒரு சிறு தூசி என்றார். கைதட்டல். கோயில் தலைவர், தனக்கு எழுத்தறிவே போதாது என்று சொல்லிவிட்டு நிறையப் பேசினார்.

பிறகு நிவேதா. இரண்டு படங்களைச் சுவரில் காட்டினாள்.

“எல்லாருக்கும் வணக்கம். என் தமிழ் கொஞ்சம் தடுமாறும், மன்னிச்சுக்கங்க. இந்த ரெண்டு படத்துல ஒண்ணுதான் வானம். ஒரு வருசமா நான் மத்ததைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். அது தெரியாம ஒரு கட்டுரை எழுதிட்டேன். நான் கண்டுபிடிச்சேன்னு நீங்க நெனைக்கிறது பிழை. அந்தக் கட்டுரைய திருப்பி எடுக்கப் போறேன். இந்தப் பொன்னாடைய நான் வாங்கக் கூடாது.”

மண்டபம் அமைதியானது. முன்வரிசையில் சில பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அந்த அமைதி இன்னும் கொஞ்சம் நீடித்திருந்தால் அவள் சொன்னது போய்ச் சேர்ந்திருக்கும் என்றே இன்றும் நினைக்கிறேன்.

மச்சான் ஒலிவாங்கியை எடுத்தார். “நிறைகுடம் தளும்பாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? உலகமே வியக்கும் விஞ்ஞானி, தன் சொந்த மண்ணில் நின்று, நான் ஒன்றும் செய்யவில்லை என்கிறார். இதுவல்லவா அவையடக்கம்.”

மண்டபம் அதிர்ந்தது. விசில் பறந்தது. நிவேதா மறுபடி ஒலிவாங்கிக்கு வந்து, “இல்ல மாமா, நெசமாவே பிழை,” என்றாள். கைதட்டல் இன்னும் கூடியது. ஒரு கிழவர் எழுந்து நின்று கும்பிட்டார். அவள் தோளில் இரண்டாவது பொன்னாடையும் விழுந்தது. பத்திரிகைக்காரனாகக் கலவரம், தேர்தல், மண்சரிவு எல்லாம் பார்த்திருக்கிறேன். ஒரு மனுஷி தெளிவான தமிழில் சொன்ன ஒரு வாக்கியம், சொன்ன கணத்திலேயே, அத்தனை பேர் முன்னிலையில், அன்பாலேயே காணாமல் போனதை அதற்கு முன் பார்த்ததில்லை.

பின்னர் மச்சானைத் தனியாகக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

“அவ சொல்ல வேண்டியத அவ சொன்னா. நான் சொல்ல வேண்டியத நான் சொன்னேன் மாப்புள.”

7

மறுநாள் காலை மச்சான் பத்திரிகையோடு வந்தார். உள்பக்கத்தில் நான்கு பத்தி, படத்துடன்: ‘மடுல்சீமை யுவதி விண்வெளியில் புதிய கண்டுபிடிப்பு’. அணைந்துபோன பால்வெளிகளைக் கண்டறிந்தது குறித்து அவர் விழாவில் விரிவாக உரையாற்றினார் என்றிருந்தது.

நிவேதா அதை மெதுவாக, எழுத்துக்கூட்டி வாசித்தாள். அவள் தமிழில் ஒரு செய்தியை முழுவதும் வாசித்து நான் பார்த்தது அதுவே முதல் தடவை. “அப்பா, நான் இப்பிடி பேசவே இல்லையே,” என்றாள். பிறகு, “நீங்க பேப்பர்ல இருந்தவங்கதானே. மாத்த சொல்லுங்க.”

அந்தப் பத்திரிகைக்குப் பக்கத்து ஊரான லுணுகலையிலிருந்து எழுதும் நிருபரை எனக்குத் தெரியும். பிரான்சிஸ், நல்ல மனிதர். விழாவுக்கு வந்திருந்தார், முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். கேட்டபோது மறைக்கவில்லை. விழா முடிந்து அனுப்பினால் அடுத்த நாள் பக்கத்தில் இடம் கிடைக்காது என்பதால், முதல் நாளே எழுதி அனுப்பிவிட்டாராம். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள், உங்களுக்குத் தெரியாததா என்றார். தெரியும்.

திருத்தம் போடச் சொன்னேன்.

“அண்ணே, செய்திய நூறு பேர் படிச்சா திருத்தத்த பத்து பேர் படிப்பாங்க. அந்தப் பத்து பேரும் தோட்டத்து லயத்துப் புள்ளைக்கு எதுக்கு இந்த வேலைன்னு சிரிக்கிறவங்களா இருப்பாங்க. அவங்களுக்கு தீனி போட சொல்றீங்களா?”

“நடந்தத போட சொல்றேன் பிரான்சிஸ்.”

“எழுதி அனுப்புங்கண்ணே. பாக்குறேன்.”

மூன்று வரி எழுதி அனுப்பினேன். பார்த்தார் என்பதற்குக் கைத்தொலைபேசியில் இரண்டு நீலச் சரிக்குறிகள் வந்தன. அச்சில் வரவில்லை.

8

திரும்பியதும் நிவேதா பேராசிரியரோடு உட்கார்ந்தாள். இரண்டாவது நாளே அவரும் ஒப்புக்கொண்டார். கட்டுரை மீளப்பெறப்பட்டது. குழுவின் அந்த வரைபடத்தில் இப்போது நிரப்பிய இடங்களெல்லாம் குறிக்கப்பட்டிருக்கின்றன. நெதர்லாந்து நேர்முகத்தில், அவர்கள் கேட்குமுன் தானே சொன்னாளாம். மரியாதையாகக் கேட்டார்கள், மரியாதையாக வேறொருவரை எடுத்தார்கள். மூல வரைபடத்தை வைத்து மறுபடி முதலிலிருந்து சதுரங்களை வெட்டிக்கொண்டிருக்கிறாள். கோடைக்குப் பிறகு எந்த ஊர் என்று தெரியாது. ஞாயிறு அழைப்புகளில் இப்போது மழையைப் பற்றிப் பேசுவதில்லை.

இந்தக் குறிப்பின் முதல் பிரதியை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். ஓரிடத்தில் நிறுத்தினாள். ‘சிறு தவறு’ என்று எழுதியிருந்தேன். சிறு என்பதை எடுக்கச் சொன்னாள். எடுத்துவிட்டேன். இதை மடுல்சீமையில் வாசிக்கிற பெற்றோர் பிள்ளையை அழைத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று மச்சானுக்குள்ள பயம் எனக்கும் இருக்கிறது. அதையும் அவளிடம் சொன்னேன். அந்தப் பிள்ளைகளும் ஒரு நாள் இப்படித் தவறு செய்வார்கள், அன்றைக்கு என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றாள்.

ஆகவே, பத்திரிகை போடாததை இங்கே போடுகிறேன்.

திருத்தம்: மடுல்சீமையைப் பூர்வீகமாகக் கொண்ட நிவேதா, அணைந்துபோன பால்வெளிகளைக் கண்டறிந்ததாக வெளியான செய்தி தவறானது. அந்தப் பால்வெளிகள் அணையவில்லை. தவறைக் கண்டுபிடித்தவரும் அவரே. அதை அவர் விழா மேடையிலேயே இரண்டு முறை சொன்னார். அவர் சொன்னது அடக்கம் அல்ல, தகவல்.